பெயர் ஏட்டில் இருக்கிறது, தேட நீ இருக்கிறாயா?

"கப்பலேறிப் போனவரு. அப்புறம் ஒரு சேதியும் இல்ல."

பழைய தஞ்சாவூர், தென்னாற்காடு, வட ஆற்காடு, செங்கல்பட்டு மாவட்டத்துக் கிராமங்களில் சில திண்ணைகள் ஏறி உட்கார்ந்து பேச்சுக் கொடுத்துப் பார். ஏதோ ஒரு திண்ணையில் இந்த வார்த்தை வந்து விழும். சொல்பவர் எண்பது தாண்டிய கிழவியாக இருப்பார். சொல்லிவிட்டு வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவப் போய்விடுவார். எதிரே உட்கார்ந்திருக்கும் பேரன் "ஓ அப்படியா" என்று சொல்லிவிட்டுப் போனை எடுத்துக்கொள்வான். ஒரு முழு மனிதனின் கதை அத்தோடு மூடப்படும்.

தம்பி, அந்தப் பேரன் நீதான். தங்கச்சி, அந்தப் பேத்தி நீதான். கோபித்துக்கொள்ளாதே. பத்து வருஷத்துக்கு முன்பு வரை நானும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன்.

சேதி இல்லை என்று யார் சொன்னது? சேதி இருக்கிறது. நம் வீட்டுக்கு வந்து சேரவில்லை, அவ்வளவுதான். டர்பனில் இருக்கிறது. பிஜியின் சுவாவில் இருக்கிறது. மொரீஷியஸில் மோக்கா என்ற ஊரில் இருக்கிறது. தென் பிரான்சில், உன் கொள்ளுத் தாத்தா பேர்கூடக் கேள்விப்பட்டிராத ஒரு நகரத்தில் இருக்கிறது. பழுப்பேறிய ஏட்டில், சாய்ந்த எழுத்தில், அவர் பெயர் அவருடைய அப்பா பெயரோடு நூறு நூற்றைம்பது வருஷமாகக் காத்துக்கொண்டு கிடக்கிறது. கூப்பிட ஆள்தான் இல்லை.

1860 அக்டோபரில் 'ட்ரூரோ' என்ற கப்பல் சென்னையிலிருந்து கிளம்பியது. அன்று சென்னைக்குத் துறைமுகமே கிடையாது. கரையில் ஆளை மசூலாப் படகில் ஏற்றி, அலையை உடைத்துக்கொண்டு போய், ஆழக் கடலில் நிற்கும் கப்பலில் ஏற்றுவார்கள். அதுவரை குளத்தைத் தவிரத் தண்ணீர் பார்க்காதவர்கள் எத்தனை பேர் அந்தப் படகில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்! நவம்பர் 16 அன்று 342 பேரோடு அந்தக் கப்பல் டர்பனை அடைந்தது. அதிலிருந்து 1911 வரை கரும்புத் தோட்டத்துக்கும் சுரங்கத்துக்கும் ரயில் பாதைக்குமாக, டர்பன் இருக்கும் தென்னாப்பிரிக்க நேட்டாலுக்குப் போன ஒப்பந்தக் கூலிகள் 1,52,184 பேர். இதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு சென்னையில் கப்பலேறிய தமிழரும் தெலுங்கரும்.

எண்ணிக்கை இவ்வளவு துல்லியமாக எப்படித் தெரிகிறது? ஒவ்வொரு தலைக்கும் ஒரு வரி எழுதி வைத்திருக்கிறார்கள். இறங்கியவுடன் ஒரு எண். எண்ணுக்கு எதிரே பெயர், தகப்பன் பெயர், வயது, ஆணா பெண்ணா, சாதி, கிராமம், தாலுகா, ஜில்லா, வந்த கப்பல், அனுப்பப்பட்ட முதலாளி. இன்னொரு கட்டமும் உண்டு. அங்க அடையாளம். எந்த இடத்தில் மச்சம், எந்தக் காலில் தழும்பு என்று அதில் குறித்திருக்கிறார்கள்.

வெள்ளைக்கார குமாஸ்தா பாசத்தால் இதை எழுதவில்லை. தோட்டத்தை விட்டு ஓடினால் பிடித்து வரவேண்டும், அதற்காக எழுதினான். அவன் பிடிப்பதற்கு எழுதியதை வைத்து நீ கண்டுபிடிக்கலாம். இதைவிட நல்ல பழிவாங்கல் எனக்குத் தெரியாது.

இப்போது உன்னிடம் ஒரு கேள்வி. அந்தப் படகில் ஏறியவருக்குக் கையெழுத்துப் போடத் தெரியுமா? பெரும்பாலும் தெரியாது. போகும் ஊர் எந்தத் திசையில் இருக்கிறது என்று தெரியுமா? தெரியாது. அங்கே பேசும் மொழி தெரியுமா? அதுவும் தெரியாது. ஐந்து வருஷ ஒப்பந்தத்துக்குக் கைநாட்டு வைத்துவிட்டு ஏறிப் போனார். பசியும் கடனும் பிடரியைப் பிடித்துத் தள்ளின, உண்மைதான். ஆனாலும் கால் அவருடையது, ஏறியது அவர்.

நீ என்ன சொல்கிறாய்? "எனக்கு இங்கிலீஷ் அவ்வளவா வராது சார்." "இதெல்லாம் படிச்சவங்க பண்ற வேலை." "நூறு வருஷம் ஆச்சு, இனிமே எங்க?" உன் கையில் இருக்கும் செல்போனில் உலகத்து ஆவணக் காப்பகங்களில் பாதி திறக்கும். ஒரு படிவத்தைப் பார்த்து உனக்குக் கை நடுங்குகிறது. அவர் கடலைப் பார்த்து நடுங்கியிருந்தால் நியாயம். நீ காகிதத்தைப் பார்த்து நடுங்குவது நியாயமா?

வடக்கேயிருந்து போனவர்களின் வாரிசுகள் செய்துகொண்டிருக்கிறார்கள். டிரினிடாடின் பிரதமர் கமலா பெர்சாத் பிசெஸ்ஸார் 2012 ஜனவரியில் பீகாரின் பக்சர் மாவட்டத்துக்கு வந்து, பேலூப்பூர் என்ற தன் பூட்டனார் கிராமத்தில் நின்று கண் கலங்கினார். கயானாவில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த காயத்ரா பகதூர் என்ற பத்திரிகையாளர், தன் கொள்ளுப்பாட்டி சுஜாரியாவைத் தேடினார். 1903-ல் கல்கத்தாவில் 'கிளைட்' கப்பலில் தன்னந்தனியாக, வயிற்றில் பிள்ளையோடு ஏறிய பெண். பிள்ளை கப்பலிலேயே பிறந்தது. அந்தப் பாட்டியின் குடியேற்றச் சீட்டைக் கையில் எடுத்த கொள்ளுப்பேத்தி அதிலிருந்து ஒரு புத்தகமே எழுதிவிட்டார். பிஜியின் வரலாற்றாசிரியர் பிரிஜ் லால் இன்னும் ஒரு படி மேலே. அவருடைய தாத்தாவும் ஒப்பந்தக் கூலியாகப் போனவர்தான். கல்கத்தாவிலிருந்து பிஜிக்குப் போனவர்களின் சீட்டுகள் 45,439-ஐயும் எடுத்துக் கணக்குப் போட்டார் அந்த மனிதர். கணினி இப்படிக் கைக்குள் வராத காலத்தில்.

45,439 சீட்டு. நீ தேட வேண்டியது ஒன்று.

சரி, எங்கே ஆரம்பிப்பது? டர்பனில் இல்லை. உன் வீட்டுத் திண்ணையில் ஆரம்பி. அந்தக் கிழவி உயிரோடு இருக்கும்போதே ஆரம்பி. ஆவணக் காப்பகம் அடுத்த வருஷமும் இருக்கும், அவர் இருப்பாரா என்று யாருக்குத் தெரியும்?

போய் உட்கார்ந்தவுடன் "எந்த வருஷம் போனாரு?" என்று கேட்காதே. நம் பாட்டிகளுக்கு ஆங்கில வருஷம் எதற்கு? "பஞ்சத்துக்கு முன்னயா, பின்னயா?" என்று கேள். "தாது வருஷப் பஞ்சம்னு எங்க மாமியா சொல்லும்" என்று ஆரம்பித்தால் விட்டுவிடாதே. தாது வருஷம் என்பது 1876 சித்திரை முதல் 1877 பங்குனி வரை. சென்னை மாகாணமே சுடுகாடான காலம் அது. பிரபவ, விபவ என்று அறுபது வருஷக் கணக்கு சொல்லத் தெரிந்த ஒரு பெரியவர் ஊரில் இருந்தால், அவர்தான் உன் முதல் ஆவணக் காப்பகம். எந்தப் பிள்ளை பிறந்தபோது போனார், எந்த நிலத்தை அடமானம் வைத்தபோது போனார், தேர் எரிந்த வருஷமா, ஏரி உடைந்த வருஷமா... எல்லாவற்றையும் எழுது. நோட்டில் எழுது. போனில் பதிவும் செய்.

அடுத்து, "எந்தச் சீமை?" என்று கேள். நேட்டாலா, பிஜியா, மோரீசா, புர்போனா, பினாங்கா, ரங்கூனா, கண்டிச் சீமையா? இந்த ஒரு சொல் உன் வேலையில் பாதியைக் குறைத்துவிடும். ஏனென்றால் ஒவ்வொரு சீமைக்கும் ஒரு வாசல் இருந்தது, அந்த வாசல் திறந்த காலமும் மூடிய காலமும் இருந்தன. நேட்டாலை எடுத்துக்கொள். 1860-ல் தொடங்கி 1866-ல் நின்றது. மறுபடி ஆள் எடுத்தது 1874-ல். ஆகவே உன் பெரியப்பா "1870-ல நேட்டாலுக்குப் போனாரு" என்று அடித்துச் சொன்னால், மரியாதையோடு தலையாட்டிவிட்டு, நோட்டில் ஒரு கேள்விக்குறி போட்டுக்கொள். அந்த வருஷம் கப்பலே இல்லை. பிஜிக்கு ஒப்பந்தக் கூலிகள் போனது 1879 முதல் 1916 வரை, மொத்தம் 60,965 பேர். ஆனால் சென்னையிலிருந்து பிஜிக்குக் கப்பல் விட்டது 1903-ல்தான். 1890-களில் பிஜிக்குப் போனார் என்று வீட்டில் சொன்னால், ஒன்று வருஷம் தவறு, அல்லது அவர் கல்கத்தா வரை போய் ஏறியிருக்க வேண்டும், அல்லது சீமை வேறு. டச்சுக்காரர்களின் சூரினாமுக்குப் போன கப்பல்கள் கல்கத்தாவிலிருந்துதான் போயின. இப்படிக் கழித்துக்கொண்டே வா. கழித்தபின் மிஞ்சுவது மிகச் சிறிய இடமாக இருக்கும். அங்கே தேடு.

அடுத்த சுவர் பெயர். இங்கேதான் பாதிப் பேர் சோர்ந்துபோய்த் திரும்புகிறார்கள். முனுசாமி என்று தேடினேன், இல்லை சார்.

இருக்கமாட்டார். முனுசாமியை மூன்சாமி என்று எழுதியிருப்பான். மொரீஷியஸில் ஆறுமுகம் ஆர்மூகம் ஆனார், குப்புசாமி கூப்பூசாமி ஆனார். டர்பனில் கவுண்டர் கோவெண்டர் ஆனார். முதலியார் மூட்லி ஆனார், நாயுடு நைடூ ஆனார், படையாச்சி படயாச்சீ ஆனார். நம்முடைய ழகரத்தைக் கேட்டு எழுதத் தெரிந்த வெள்ளைக்காரன் அன்றும் இல்லை. நம்மிடம் ஒரே 'க', அவனிடம் அதற்கு மூன்று எழுத்து. நம்மிடம் ஒரே 'ப', அவனிடம் இரண்டு. ஆகவே ஒரு பெயரை எடுத்துக்கொண்டு, அது காதில் எப்படியெல்லாம் விழுந்திருக்கும் என்று பத்துப் பன்னிரண்டு விதமாக எழுதிப் பார். கப்பலேற்றும் முன் ஆட்களை வைத்துப் பதிந்த சென்னை டிப்போவில் மேசைக்கு அந்தப் பக்கம் நீயே குமாஸ்தாவாக உட்கார். எதிரே வரிசையில் நிற்கும் களைத்த மனிதன் வாய்க்குள் முணுமுணுக்கிறான். உன் காதில் என்ன விழுகிறது? அதை எழுது. அப்படித்தான் அவனும் எழுதினான்.

பெயரை மட்டும் நம்பாதே. பெயரும் தகப்பன் பெயரும் சேர வேண்டும். அதோடு ஊர் சேர வேண்டும். மூன்றும் ஓரளவு சேர்ந்தால், வயதைப் பார். வயதில் ஐந்தாறு முன்னே பின்னே இருந்தால் கவலைப்படாதே. பிறந்த தேதி அவருக்கே தெரியாது. ஒரே கப்பலில் நாலு ராமசாமி ஏறியிருப்பார்கள். எல்லாரும் உன் ராமசாமி இல்லை. கிடைத்த முதல் ராமசாமியைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டு, மூன்று வருஷம் கழித்து அவர் வேறு வீட்டு ராமசாமி என்று தெரிந்து நொந்துபோனவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஆசை வேறு, சான்று வேறு. தன்னம்பிக்கை என்றால் கண்ணை மூடிக்கொண்டு நம்புவது என்று சிலர் நினைக்கிறார்கள். "இது அவர் இல்லை" என்று சொல்லி, கிடைத்ததைக் கீழே வைக்கும் தைரியம் அதைவிடப் பெரியது.

ஊர்ப் பெயர் தனிக் கூத்து. ஏட்டில் 'டிரிச்சினாபொலி', 'டாஞ்சூர்', 'சிங்கிள்புட்', 'நெகபட்டம்' என்றுதான் இருக்கும். இதெல்லாம் புரிந்துவிடும். ஜில்லாதான் உன்னைக் குழப்பும். 'நார்த் ஆர்காட்' என்று இருந்தால், அது இன்றைய எந்த மாவட்டம்? வேலூரா, ராணிப்பேட்டையா, திருப்பத்தூரா, திருவண்ணாமலையா? இவை எல்லாமே ஒரு காலத்தில் வட ஆற்காட்டில் அடக்கம். அது மட்டுமல்ல, 1911-ல் சித்தூர் தனி ஜில்லா ஆகும் வரை அந்தப் பக்கத்து ஆந்திர ஊர்களும் இதில்தான் இருந்தன. தென்னாற்காடு 1993-ல்தான் கடலூர், விழுப்புரம் என்று பிரிந்தது. கள்ளக்குறிச்சி தனியானது 2019-ல். ஆகவே இன்றைய வரைபடத்தை மூடி வை. பழைய தாலுகாப் பட்டியலை எடு. சென்னை எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் 1909-ல் கட்டிய செங்கல் கட்டடத்தில் நிற்கிறது. பழைய ஜில்லா கையேடுகளும் குடியேற்றம் பற்றிய அரசு உத்தரவுகளும் அங்கே உண்டு. படித்தவர்களுக்கு மட்டும் என்று வாசலில் எழுதி மாட்டவில்லை. விண்ணப்பம் கொடுத்து உள்ளே போ. நிமிர்ந்து போ.

நேட்டாலில் உன் ஆளைக் கண்டுபிடித்துவிட்டால், அந்த எண்ணை மனப்பாடம் செய்துகொள். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அந்த எண் அவரைச் சாகும்வரை விடவில்லை. முதலாளி மாறினால் எண்ணும் கூடவே போகும், கல்யாணப் பதிவில் எண் வரும், பிள்ளைகளின் காகிதங்களில்கூட வரும். பெயர் நூறு விதமாக எழுதப்பட்டாலும் எண் ஒன்றுதான். கப்பல் பட்டியல்களைத் தேடத் தகுந்த விதமாகத் தொகுத்து டர்பனில் குவாசூலு நேட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி லூதுலி ஆவண மையம் வைத்திருக்கிறது. தென்னாப்பிரிக்க அரசின் ஆவணக் காப்பகங்களுக்கு இணையத்தில் அட்டவணை இருக்கிறது. இறந்தவர்களின் சொத்துக் கோப்புகள் என்று ஒரு வகை உண்டு. அதில் பெண்டாட்டி பெயர், பிள்ளைகள் பெயர் எல்லாம் வரும். 1860-ல் இறங்கியவரின் பேரன் பேத்திகள் வரை அந்தக் காகிதங்களில் நூல் பிடித்து நடந்து வரலாம்.

அவர்களும் அங்கிருந்து இந்தப் பக்கம் நடந்து வந்துகொண்டிருக்கிறார்கள். அதை மறந்துவிடாதே. ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்து, காந்தியின் போராட்டத்தில் சிறை சென்று, 1914-ல் பதினாறு வயதில் உயிர் விட்ட வள்ளியம்மையை நாம் எப்படி அழைக்கிறோம்? தில்லையாடி வள்ளியம்மை. பிறந்த ஊர் அதுவல்ல, பெற்றவர்களின் ஊர் அது. மாயவரத்துக்குப் பக்கத்துச் சின்னஞ்சிறு தில்லையாடி, கடல் தாண்டிய ஒரு பெண்ணின் பெயருக்கு முன்னால் நிற்கிறது. அப்படி நின்றது ஒரு ஊர். பெயர் முன்னால் நிற்காமல் தொலைந்துபோன ஊர்கள் எத்தனையோ. டர்பனிலும் போர்ட் லூயியிலும் ஒரு மூட்லியும் ஓர் ஆர்மூகமும் 'எங்கள் ஊர் எது' என்று இந்நேரம் தேடிக்கொண்டிருப்பார்கள். அவர்கள் கையில் ஏடு இருக்கிறது, ஊர் தெரியவில்லை. உன் கையில் ஊர் இருக்கிறது, ஏடு தெரியவில்லை. நடுவில் இருப்பது கடல்கூட இல்லை, சோம்பல்.

மொரீஷியஸ் கதை இன்னும் ருசியானது. 1834-ல் 'அட்லஸ்' கப்பலோடு ஒப்பந்தக் கூலி முறை அங்கே ஆரம்பித்தது. போர்ட் லூயியில் அவர்கள் இறங்கி ஏறிய கல் படிக்கட்டுகள் இன்றும் இருக்கின்றன. ஆப்ரவாசி காட் என்று பெயர், 2006-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. கூலிகளின் ஏடுகள் மோக்காவில் மகாத்மா காந்தி நிறுவனத்தில் பாதுகாக்கப்படுகின்றன. அங்கே ஏடு மட்டும் இல்லை. 1860-களிலிருந்து கூலிகளைப் புகைப்படமும் எடுத்தார்கள். யோசித்துப் பார். நம் ஊரில் ஜமீன்தார் வீட்டிலேயே போட்டோ இல்லாத காலத்தில், உன் கொள்ளுத் தாத்தாவின் கூடப் பிறந்தவர் கேமராவை முறைத்துப் பார்த்தபடி நிற்கும் படம் ஒன்று அங்கே இருக்கக்கூடும். அந்த மூக்கு உன் அப்பா மூக்காக இருக்கக்கூடும். இதைக் கேட்டும் உனக்குத் தூக்கம் வருகிறதா?

மொரீஷியஸ்காரர்கள் இந்த ஏடுகளைச் சும்மா பார்ப்பதில்லை. 2024 மார்ச்சில் நம் குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு அங்கே போனபோது, இந்திய வம்சாவளியில் ஏழாம் தலைமுறை வரை ஓசிஐ அட்டை (இந்தியாவின் வெளிநாட்டுக் குடிமகன் அட்டை) உண்டு என்று அறிவித்தார். அதற்கு மூதாதையின் பதிவு வேண்டும். கூலிக்காரன் என்று எழுதிய அதே காகிதம் இன்று உரிமைச் சீட்டு.

புர்போன் என்று பாட்டி சொன்னால், அது ரீயூனியன் தீவு. பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியிலும் காரைக்காலிலும் ஆள் ஏற்றினார்கள். கரீபியத் தீவான மார்ட்டினிக்குக்கு 1853-ல் போன 'ஒரேலி' கப்பலில் தொடங்கி, அடுத்த வருஷம் குவாதலூப்புக்கும் போனார்கள். புதுச்சேரியில் ஏறினார் என்பதற்காக அவர் புதுச்சேரிக்காரர் என்று முடிவு கட்டாதே. பக்கத்து பிரிட்டிஷ் ஜில்லாக்களிலிருந்து நடந்துபோய் ஏறியவர்கள் ஏராளம். தென் பிரான்சில் எக்ஸ் ஆன் புரோவான்ஸ் நகரத்தில் இருக்கும் கடல் கடந்த பகுதிகளுக்கான ஆவணக் காப்பகம், அந்தத் தீவுகளின் பழைய பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவேடுகளை ஸ்கேன் செய்து இணையத்தில் காசு வாங்காமல் வைத்திருக்கிறது. பிரெஞ்சு தெரியாதே என்று ஆரம்பிக்காதே. பிறந்தார், செத்தார், மணந்தார், இன்னார் மகன். இருபது சொல் கற்றுக்கொண்டால் ஒரு பதிவேடு படிக்கலாம். நீ சினிமாப் பாட்டில் எத்தனை மொழிச் சொல் மனப்பாடம் செய்து வைத்திருக்கிறாய்?

இலங்கைக்கும் மலாயாவுக்கும் போனவர்களைத் தேடுவது வேறு வகை. அங்கே கங்காணி ராஜ்ஜியம். கங்காணி ஊருக்கு வந்து ஆள் கூட்டிப்போனான். நேட்டால் போல ஆளுக்கொரு விரிவான வரி கிடைப்பது அரிது. அதனால் அங்கே தோட்டத்தின் பெயர்தான் சாவி. செக்ரோல் என்ற ஆள் பதிவேடு, தோட்டத்துக் கோயில், தோட்டத்துப் பள்ளிக்கூடம், கல்லறை என்று தேடு. 1964 அக்டோபரில் கையெழுத்தான சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு 'ராமானுஜம்' கப்பலில் வந்து, மண்டபம் முகாமில் இறங்கி, கூடலூர், கோத்தகிரி என்று சிதறிய குடும்பங்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது. உங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில் பழைய பாஸ்போர்ட்டும் குடும்ப அட்டையும் கிடக்கிறதா பார். அதுதான் உன் கப்பல் பட்டியல். அட்டனிலும் பதுளையிலும் விட்டுவிட்டு வந்த சித்தி, மாமன் வீட்டுக்கு அங்கிருந்து வழி பிடிக்கலாம். கறையான் அரிக்கும் முன் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள். இன்றைக்கே.

வெட்கம் என்று ஒரு நோய் இருக்கிறது. அதைப் பேசாமல் போனால் இந்தக் கட்டுரைக்கு அர்த்தமில்லை. "எங்க ஆளு கூலிக்குப் போகல சார், வியாபாரத்துக்குப் போனாரு." எத்தனை வீட்டில் இந்த வார்னிஷ்! ஏட்டைத் திறந்தால் 'கூலி' என்று இருக்கும். சாதிக் கட்டத்தில் நீ எதிர்பாராதது இருக்கும். சிலர் டிப்போவில் வேறு சாதி சொன்னார்கள். சிலர் ஊர்ப் பெயரையே மாற்றிச் சொன்னார்கள். கடன்காரனுக்குப் பயந்து, பண்ணையாருக்குப் பயந்து, ஊர்க் கட்டுப்பாட்டுக்குப் பயந்து ஓடியவர் உண்மையைச் சொல்லி மாட்டிக்கொள்வாரா? தன்னந்தனியாக ஏறிய பெண்கள் இருந்தார்கள். நூறு ஆணுக்கு நாற்பது பெண் ஏற்ற வேண்டும் என்று சட்டமே இருந்தது. விதவை, தள்ளி வைக்கப்பட்டவள், அடி தாங்காமல் ஓடி வந்தவள் எல்லாரும் அதில் இருந்தார்கள். உன் பாட்டனாரின் தங்கை கிணற்றில் விழுந்து செத்துவிட்டாள் என்று குடும்பம் சொல்லும். அவள் டர்பனில் ஏழு பிள்ளை பெற்று, தோட்டம் போட்டுக் காய்கறி விற்று, மாரியம்மன் கோயிலுக்குத் தீ மிதித்து, எண்பது வயதில் செத்திருக்கக்கூடும். அதைக் கண்டுபிடித்தால் நீ யார் பக்கம் நிற்பாய்? இந்தக் கேள்விக்குப் பதில் வைத்துக்கொண்டு ஏட்டைத் திற. கரும்புத் தோட்டத்தில் முதுகு ஒடிந்தவர் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஒடித்தவனுக்கும், ஒடியும்போது தேடாமல் இருந்த ஊருக்கும் வெட்கம் இருக்கட்டும்.

அப்புறம் நிலம். இதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். நீ கடிதம் எழுத ஆரம்பித்தவுடன் உன் சித்தப்பா ஒரு நாள் ராத்திரி மெதுவாகக் கூப்பிடுவார். "எதுக்குப்பா இந்த வேலை? நாளைக்கு அவனுங்க வந்து பங்கு கேட்டா?" சிரிக்காதே. அவர் பயம் அவருக்கு. வருகிறவர்கள் நூறு வருஷத்துக்குப் பின் ஒரு பிடி மண் கேட்டுத்தான் வருகிறார்கள், அதையும் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கண்ணீரோடு எடுத்துப் போகிறார்கள் என்று சொல். இன்னொரு பக்கம், வெளிநாட்டுச் சொந்தம் கிடைத்தால் டாலர் வரும் என்று கணக்குப் போடும் மச்சான் ஒருவனும் இருப்பான். அவனை இந்த வேலையில் சேர்க்காதே. அதேபோல, முன்பணம் கொடுத்தால் பரம்பரையே எடுத்துத் தருகிறேன் என்று வருகிற ஆட்களையும் வாசலோடு அனுப்பு. உன் வீட்டுப் பெயரை நீயே தேடு. யாரோ தேடிக் கொடுத்த தாத்தா, வாடகைக்கு எடுத்த தாத்தா மாதிரி.

என் கதையைச் சொல்லி விடுகிறேன். என் அப்பாயிக்கு ஒரு அண்ணன். நாகப்பட்டினத்தில் கப்பலேறி மலாயா போனவர். பேராக் பக்கம் பால்மரத் தோட்டம். 1941 வரை கடிதம் வந்தது. அதற்குமேல் ஜப்பான்காரன் வந்தான். கடிதம் நின்றது. அப்பாயி தன் கடைசி நாள் வரை தபால்காரர் சைக்கிள் மணி கேட்டால் தலையைத் தூக்குவாள். நான் தேட ஆரம்பித்தபோது என்னிடம் இருந்தது பாதி அழிந்த தபால் முத்திரையோடு ஒரே ஒரு அட்டை. முதல் அலுவலகத்துக்கு எழுதினேன், பதில் இல்லை. இரண்டாவது இடத்திலிருந்து ஒரே வரி வந்தது, பதிவு இல்லை என்று. தோட்டத்துப் பெயரை இன்னொரு எழுத்தில் மாற்றி மூன்றாவது, நான்காவது என்று எழுதிக்கொண்டே போனேன். ஏழாவதோ எட்டாவதோ கடிதம் அந்தத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த ஒரு முதியவர் கைக்குப் போய்ச் சேர்ந்தது. அவர் எழுதினார்: எங்கள் லயத்துக் குடியிருப்பு ஆண்களைச் சயாமுக்கு ரயில் போட ஏற்றிப் போனார்கள், அதில் உங்கள் ஊர்க்காரர்களும் இருந்தார்கள்.

சயாம் மரண ரயில். 1942, 43-ல் 415 கிலோமீட்டர் பாதையைக் காட்டுக்குள் போட்டார்கள். அங்கே செத்த வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்குக் காஞ்சனபுரியில் வரிசை வரிசையாகப் பெயர் பொறித்த கல்லறைகள் இருக்கின்றன. மலாயாத் தோட்டங்களிலிருந்து போன பல்லாயிரம் தமிழருக்கு அப்படிப் பெயர் பொறித்த கல் இல்லை. ஏடு முடியும் இடம் அது. அந்தக் கடிதத்தைப் படித்த அன்று நான் சாப்பிடவில்லை. இரண்டு மாதம் எதையும் தொடவும் இல்லை.

பிறகு மறுபடி எழுதினேன். போனவர் கணக்கு கிடைக்காவிட்டால், போவதற்கு முன் இருந்த கணக்கு கிடைக்கட்டும். தோட்டத்துக் கோயில்களில் ஆடித் திருவிழாவுக்கு யார் எவ்வளவு பணம் கொடுத்தார்கள் என்று நோட்டுப் போட்டு எழுதி வைக்கும் வழக்கம் உண்டு. அந்தப் பழைய நோட்டு எந்த வீட்டுப் பரணிலாவது கிடக்காதா? இரண்டு வெள்ளி, இன்னார் மகன் இன்னார், என்று ஒரு வரி.

நீ இன்று ராத்திரி பாட்டியிடம் போ. டிவியை நிறுத்து. முதல் கேள்வி பஞ்சத்துக்கு முன்னயா பின்னயா, மறந்துவிடாதே.

போன மாதம் அந்தத் தோட்டத்துக் கோயிலுக்கு எழுதிய கடிதத்துக்கு எனக்கு இன்னும் பதில் வரவில்லை. அடுத்த கடிதத்தை எழுதி, தபால் தலை ஒட்டி மேசைமேல் வைத்திருக்கிறேன். கோயில் தலைவர் பெயரை இந்த முறை வேறு எழுத்தில் எழுதியிருக்கிறேன்.